பீடத்தின் மேல் ஒரு மோடம்

எங்கள் வீட்டில் செபமாலை சொல்ல இரண்டு பேர் வேண்டும். ஒருவர் 'அருள் நிறைந்த மரியே' என்ற மந்திரத்தின் முன்பாதியைச் சொல்ல, மற்றவர் பின்பாதியைச் சொல்லி முடிக்க வேண்டும். முடித்த பிறகுதான் விரலுக்கிடையில் இருக்கும் மணி நகரும். தனி ஆளாக இரண்டு பாதியையும் சொல்லிக்கொள்வதில் பாவம் ஒன்றும் கிடையாது. மத்தியான வேளைகளில் கோவிலில் ஒற்றையாக உட்கார்ந்திருப்பவர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள். அம்மாவுக்கு அது ஆகாது. "நானே கூப்ட்டு நானே ஏன்னு கேட்டுக்கிறதா? ரோட்டுல போறவன் பாத்தா என்ன நெனப்பான்?" என்பாள்.

அப்பா இருந்த வரைக்கும் பின்பாதி அப்பாவுடையது. அவர் போன பிறகு அது அக்காவுக்கு வந்தது. அக்கா கன்னியாஸ்திரி. ஆப்பிரிக்காவில் ஒரு மலைநாட்டில், அவளுடைய சபை நடத்துகிற சின்ன ஆஸ்பத்திரியில் நர்ஸ். திண்டுக்கல்லில் நாங்கள் விளக்குப் போடுகிற நேரம் அங்கே வெயில் இன்னும் சாய்ந்திருக்காது. அம்மா இயேசுவின் திருஇருதயப் படத்துக்கு முன்னால் நாற்காலியைப் போட்டு, பீடத்தில் மாதா சுரூபத்தின் மேல் போனைச் சாய்த்து வைப்பாள். திரை நிறைய வெயில், வெயிலுக்கு நடுவில் அக்கா. இங்கிருந்து முன்பாதி போகும். அங்கிருந்து பின்பாதி வரும். மணி நகரும்.

பிறர் முன்னால் அம்மா தன் மகளைச் "சிஸ்டர்" என்பாள். "சிஸ்டர் பேசுனாங்க, சிஸ்டருக்குக் காய்ச்சலாம்" என்று மரியாதையாகத்தான் வரும். கூப்பிடவும் சிஸ்டர்தான். செபமாலை முடிந்து, போனை அணைக்கப் போகும் அந்த ஒரு நொடியில் மட்டும் குரல் இறங்கி, "சரி பாப்பா" என்பாள். அந்தப் பாப்பாவுக்கு அறுபது நெருங்கிக்கொண்டிருந்தது.

நான் சின்னவள். கல்யாணம் ஒத்துவராமல் இந்த வீட்டுக்கே திரும்பி வந்தவள். பதிப்பகங்களுக்கு மெய்ப்புப் பார்க்கிறேன், எப்போதாவது நாலு வரி எழுதுகிறேன். "இவ கால்ல சக்கரம்" என்று அம்மா சொல்வது சரிதான். உட்கார்ந்த இடத்தில் என்னால் இருக்க முடியாது. கூடத்திலிருந்து மாடிக்கு, மாடியிலிருந்து கொல்லைக்கு, கொல்லையிலிருந்து மறுபடி கூடத்துக்கு. செபமாலையின் முதல் பத்து மணிகள் முடிவதற்குள் என் மனசு ஜன்னலேறிக் குதித்து, பூ ஏற்றிப் போகும் வண்டியின் பின்னால் ஓடத் தொடங்கிவிடும். அதனால் அம்மா என்னைப் பின்பாதிக்குக் கூப்பிட்டதே இல்லை. நானும் போனதில்லை.

அப்போது எங்களுக்கு நெட் கொடுத்தவர் பேகம்பூர்க்காரர். தெருவுக்கெல்லாம் கேபிள் டிவி இழுத்தவர், அதே வயரில் நெட்டும் தந்தார். காற்றடித்தால் போய்விடும். மழை வந்தால் போய்விடும். தெருமுனையில் லோடு வண்டி கொஞ்சம் உயரமாக வந்தாலும் போய்விடும். போகும்போது சொல்லிவிட்டுப் போகாது. அக்கா பின்பாதியில் பாதி சொல்லிக்கொண்டிருப்பாள். திடீரென்று கண் பாதி மூடி, வாய் பாதி திறந்து அப்படியே நின்றுவிடுவாள். அவள் முகத்தின் மேல் ஒரு வட்டம் சுற்றும். அம்மா அசைய மாட்டாள். பதில் முடியாமல் மணியை நகர்த்தக் கூடாது, தொடங்கிய செபமாலையைக் கீழே வைக்கவும் கூடாது என்பது அவள் சட்டம். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் அந்த ஒரு மணியை அழுத்திப் பிடித்துக்கொண்டு, நகம் வெளுக்க, நின்றுபோன மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

"அம்மா, திரும்பக் கூப்பிடுவோம்."

"செத்த நேரம் இரு. வந்துருவா."

சில நாள் வந்துவிடுவாள். "...வேளையிலும்" என்று வாக்கியத்தின் வால் மட்டும் வந்து விழும். பின்பாதியில்தான், 'எங்கள் இறப்பின் வேளையிலும் வேண்டிக்கொள்ளும்' என்று, மரண நேரம் வருகிறது. அந்தச் சொல் விட்டு விட்டு, உடைந்து, கடைசியாக எங்கள் கூடத்துக்கு வந்து சேரும். அம்மாவின் விரல் தளர்ந்து மணி நகரும்.

அந்த வருஷம் மழைக்குப் பிறகு நிலைமை மோசமானது. அக்காவின் குரல் குழைய ஆரம்பித்தது. வார்த்தைகளின் ஓரம் தேய்ந்து, ஈரத்தில் ஊறிய காகிதம் கிழிவதுபோல வந்தது. நான் லைனைத் திட்டினேன். அம்மா பேகம்பூர்க்காரரைத் திட்டினாள். அவரும் ஆள் அனுப்பினார், வயரை மாற்றினார், ஒன்றும் சரியாகவில்லை. ஒரு நாள் நான் வெளியே போயிருந்த நேரம் பார்த்து அம்மா தனக்குத் தெரிந்த வைத்தியத்தைச் செய்துவிட்டாள். ஈஸ்டர் இரவில் பாஸ்கா பூசையில் மந்திரித்த தண்ணீர் எங்கள் பீடத்தின் அடியில் ஒரு பாட்டிலில் எப்போதும் இருக்கும். காய்ச்சல்காரர் நெற்றிக்கும், புது வண்டிக்கும், பரீட்சைக்குப் போகும் பிள்ளைகளின் பேனாவுக்கும் போகிற தண்ணீர். அதை எடுத்து சிலுவை போட்டு மோடத்தின் மேல் தெளித்திருக்கிறாள்.

பேகம்பூர்க்காரரே நேரில் வந்தார். அம்மாவிடம் படித்தவர். அம்மா பங்குப் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். அவர் மோடத்தைத் தூக்கிக் காதருகே வைத்து ஆட்டினார், முகர்ந்து பார்த்தார்.

"என்ன செஞ்சீங்க டீச்சர் இத?"

"தீர்த்தம் தெளிச்சேன்."

"யா அல்லா." அவர் பெட்டியை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டார். "மௌத்தாயிருச்சு டீச்சர்."

"ரெண்டே ரெண்டு சொட்டுடா."

"ரெண்டு சொட்டு போதும். கரண்டுக்கு உங்க சாமி தண்ணி எங்க சாமி தண்ணியெல்லாம் தெரியாது."

"அதுக்கு முன்னாடி மட்டும் அது உசுரோடயா இருந்துச்சு? மூணாப்புல நீ எப்ப வருவ, எப்பப் பையத் தூக்கிட்டு ஓடுவன்னு எனக்குக் கடைசி வரைக்கும் தெரியல. ஒன் லைனும் ஒன்னைய மாதிரியேதான் இருக்கு."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். அம்மாவும் சிரித்தாள். சிறுமலை வாழைப்பழம் இரண்டைப் பிய்த்து அவர் கையில் வைத்தாள். வாசலில் செருப்பை மாட்டும்போது அவர் என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "சிஸ்டர்கிட்ட டெய்லி பேசணும்னா கண்ணாடி வயர் போட்டுக்கங்கம்மா. என்கிட்ட அது இன்னும் வரல. நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன். டீச்சர் அப்புடி அந்த வட்டத்தப் பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்கது எனக்குத்தான் ஒரு மாதிரியா இருக்கு."

அப்படித்தான் நான் வேறு லைன் தேட இறங்கினேன். எனக்குப் பிடித்த வேலையாகத்தான் இருந்தது, அலையலாமே. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் கம்பெனிக் குடை விரித்து உட்கார்ந்திருப்பவர்கள் எல்லாரிடமும் பேசினேன். எல்லாரும் வேகத்தை விற்றார்கள். படம் நிற்காமல் ஓடும், கிரிக்கெட் நிற்காமல் ஓடும், வீட்டில் ஆளுக்கொரு படம் பார்க்கலாம். "இங்கேயிருந்து வெளிய போறது எப்படி?" என்று கேட்டேன். ஒருவர் திகைத்தார். "போறதா? நீங்க என்ன அனுப்பப் போறீங்க மேடம்?" என்ன அனுப்பப் போகிறோம் என்று அவருக்கு எப்படிச் சொல்வது. வருவதை எல்லாரும் எடைபோட்டு விற்றார்கள், போவதைப் பற்றி யாருக்கும் கவலையில்லை. எங்கள் வீட்டிலோ முன்பாதி போய்ச் சேர்ந்தால்தான் பின்பாதி வரும்.

அம்மாவுக்குத் தெரியவேண்டியது வேறு. "எந்தக் கம்பெனி வேணாலும் இருக்கட்டும். கூப்ட்டா ஆள் வாரானா? அத விசாரி." தெருவில் ஒவ்வொரு வீடாக ஏறி விசாரித்தேன். அரசாங்க லைன் வைத்திருந்த வீட்டில், லைன் நல்லதுதான், போனால் திரும்பி வருவதுதான் கொஞ்சம் நாளாகும் என்றார்கள். பெரிய கம்பெனி லைன் வைத்திருந்த வீட்டில், போன் போட்டால் ஒரு பெண்குரல் ஒன்றை அழுத்தச் சொல்லும், இரண்டை அழுத்தச் சொல்லும், மனுஷக் குரல் கடைசி வரை வராது என்றார்கள். கோவிலுக்குப் பின்னால் ஒரு வீட்டில் மட்டும், "அந்த வேடசந்தூர் ஆள் இருக்காரு, மழையானாலும் வந்துருவாரு" என்றார்கள். அவர் எந்தக் கம்பெனிக்கு வேலை பார்க்கிறாரோ அந்தக் கம்பெனியை எடுத்தோம். போவதும் வருவதும் அதில் ஒரே வேகம் என்றும் சொன்னார்கள். எங்கள் ஊரில் லைனைத் தேர்ந்தெடுப்பது என்றால் ஆளைத் தேர்ந்தெடுப்பதுதான்.

வேடசந்தூர்க்காரர் முன்பு நூல் மில்லில் வேலை பார்த்தவர். மெஷின் சத்தத்துக்கு மேல் பேசிப் பழகிய தொண்டை, கூடத்தில் நின்று கத்தினால் கொல்லையில் காக்கை பறக்கும். கம்பத்திலிருந்து வயரை இழுத்து, பக்கத்து வீட்டு முருங்கைக் கிளைக்கு மேலாகக் கொண்டுவந்து, ஜன்னலோரம் சுவரில் துளை போட்டார். மேலுறையை உரித்ததும் உள்ளே இருந்த கண்ணாடி இழையை அம்மாவிடம் காட்டினார். தலைமுடியைவிட மெல்லிசு. வெளிச்சத்தில் பிடித்தால் இருக்கிறது, கொஞ்சம் திருப்பினால் இல்லை.

"இதுக்குள்ளயா போகும்?"

"ஒளியா போகுதும்மா. ஆனா மடக்கக் கூடாது. மடக்குனா உள்ளயே ஒடிஞ்சிரும், வெளிய தெரியாது."

எங்கே வைப்பது என்று சுற்றிப் பார்த்தார். கூடத்தில் உயரத்தில் இருந்த ஒரே பிளக் பாயிண்ட், திருஇருதயப் படத்தின் சிவப்பு பல்புக்காகப் போட்டது. "சாமி எடமா இருக்கே, வைக்கலாமாம்மா?" என்று தயங்கினார். "அங்கதான் வைக்கணும்" என்றாள் அம்மா. மாதாவுக்கு வலப்பக்கம் மோடம் ஏறியது. தீர்த்தப் பாட்டிலை நான் சமையலறைக்குக் கடத்தினேன்.

"வைஃபை ரெண்டு பேர்ல வரும்மா. ஒண்ணு வேகமானது, சுவரு தாண்டாது. இன்னொண்ணு கொஞ்சம் மெதுவு, வீடு பூரா போகும்."

"எது சிஸ்டர்கிட்ட போகும்?"

"ரெண்டுமே போகும்மா. வீட்டுக்குள்ளதான் வித்தியாசம். வெளிய போய்ட்டா எல்லாம் ஒரே ரோடுதான்."

பச்சை விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன. கடைசி விளக்கு எரிந்ததும் அம்மா நெற்றியில் சிலுவை வரைந்துகொண்டாள்.

அன்று மாலை அக்காவைக் கூப்பிட்டோம். திரையைப் பார்த்ததும் நான் எழுந்து நின்றுவிட்டேன். அவள் கன்னத்து மச்சம் தெரிந்தது. மூக்குக்கண்ணாடியின் ஓரத்தில் விரல் பட்ட தடம் தெரிந்தது. அவளுக்குப் பின்னால் எங்கோ ஒரு சேவல் கூவியது, எங்கள் கொல்லையில் கூவியது போலிருந்தது. வாளியில் தண்ணீர் விழும் சத்தம். யாரோ ஒரு குழந்தை இருமும் சத்தம். இலைகளில் காற்று. ஒரு கண்டத்தின் மாலை முழுக்க அந்தக் கண்ணாடி இழை வழியாக எங்கள் கூடத்துக்குள் வந்து இறங்கியது.

அம்மா முன்பாதியைச் சொன்னாள். அக்கா பின்பாதியைச் சொன்னாள்.

சேவல் தெளிவாக இருந்தது. தண்ணீர் தெளிவாக இருந்தது. அக்காவின் வார்த்தைகள் மட்டும் ஒன்றன் மேல் ஒன்று சரிந்து கிடந்தன. அவள் உதட்டைப் பார்த்தேன். உதடும் குரலும் சேர்ந்தேதான் வந்தன. உதடே குழறியது.

அம்மாவின் விரலில் மணி நகர்ந்தது. ஆனால் செபமாலை முடிந்ததும் என்னைப் பார்த்து, "இந்த லைனும் சரியில்லையே?" என்றாள்.

"புதுசுல்ல. செட்டாகணும்" என்றேன். என்ன சொல்கிறேன் என்று தெரியாமல்தான் சொன்னேன்.

மாடிக்குப் போய் அக்காவுக்கு எழுதிக் கேட்டேன். மலைக்கோட்டைப் பாறையின் மேல் வெளிச்சம் வடிந்து முடியும் வரை பதில் இல்லை. பிறகு நீளமாக வந்தது. அவள் பேசுவது போலவே எழுதியிருந்தாள். "கண்டுபிடிச்சிட்டியா. இது நரம்பு சம்பந்தப்பட்டது. எனக்கு நாக்குல ஆரம்பிச்சிருக்கு. அப்புறம் தொண்டை, அப்புறம் மூச்சு. இதுக்கு மருந்து கிடையாது, நான் நர்ஸு, என்கிட்ட யாரும் பொய் சொல்ல முடியாது. மடத்துல ஊருக்கு அனுப்புறேன்னுதான் சொல்றாங்க. நான்தான் வேண்டாம்னுட்டேன். அம்மா முன்னாடி வாய் கோணி நிக்க என்னால ஆகாது. அம்மா சொல்லிக்குடுத்த வாயி இது. நீ ஒண்ணே ஒண்ணு செய்யி. லைன் சரியில்லன்னே சொல்லிக்கிட்டு இரு. எம்புட்டு நாள் முடியுதோ அம்புட்டு நாள்."

இத்தனை நாள் அந்தப் பழைய லைன் எங்களுக்கு ஒரு திரையைப் பிடித்துக்கொண்டிருந்தது. நான்தான் தெருத்தெருவாக அலைந்து அதைக் கழற்றியிருக்கிறேன்.

அன்றிலிருந்து நல்ல லைனைப் பற்றிக் கெட்டதாகப் பேசுவது என் தொழிலாயிற்று. கடலுக்கடியில் வயர் அறுந்துவிட்டது என்றேன். அந்த நாட்டில் மழை என்றேன். பண்டிகைக் காலம், எல்லாரும் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள் என்றேன். அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொள்வாள். அக்காவின் பின்பாதி நாளுக்கு நாள் நீண்டது. ஒவ்வொரு சொல்லையும் சுமந்து வைப்பது போல வைத்தாள். முன்பெல்லாம் அரை மணி நேரத்தில் முடிகிற செபமாலை, இங்கே தெருவிளக்குகள் எரிந்து, அங்கே வெயில் மஞ்சளாகும் வரை போனது.

கடைசியில் அம்மா கேட்டே விட்டாள். "கூப்ட்டா வாரவன்னுதான அவன எடுத்தோம்? கூப்புடு."

வேறு வழியில்லாமல் புகார் கொடுத்தேன். மறுநாள் காலையே வேடசந்தூர்க்காரர் வந்துவிட்டார். வராமல் போயிருக்கலாம் இந்த மனுஷன் என்று எனக்குத் தோன்றியது. மோடத்தைக் கழற்றி மாட்டினார். ஜன்னலோரம் வயர் மடங்கியிருக்கிறதா என்று தடவிப் பார்த்தார். முருங்கைக் கிளையை ஒதுக்கினார். போனில் வேகம் காட்டும் முள் ஒன்று படாரென்று ஏறி வலப்பக்கம் ஒட்டிக்கொண்டு நின்றதை அம்மாவிடம் காட்டினார்.

"லைன் பக்காவா இருக்கும்மா."

"இல்ல தம்பி. பேச்சுக் கொழையுது."

"அப்ப அந்தப் பக்கம்தான் ஏதாவது..."

"அந்தப் பக்கம் ஒண்ணுமில்ல" என்று நான் குறுக்கே விழுந்தேன். குரல் தேவைக்கு மேல் உயர்ந்துவிட்டது. அவர் என்னைப் பார்த்தார்.

"இருங்க, இப்பவே காட்டுறேன்." எங்கள் லைனிலேயே தன் வீட்டுக்கு வீடியோ போட்டார். தடுக்க நினைத்தேன், என்ன சொல்லித் தடுப்பது. ஒரு சின்னப் பெண், ஒற்றைச் சடை போட்டு முடித்து மறு சடைக்குக் காத்திருந்தவள், திரையில் வந்தாள்.

"யப்பா! எங்க இருக்க? வரும்போது புரோட்டா வாங்கிட்டு வா! சால்னா தனியா கட்டச் சொல்லு, போன வாட்டி ஊத்திருச்சு!"

எங்கள் கூடம் முழுக்க மணியடித்தது போலிருந்தது. ஒரு எழுத்துகூடத் தேயவில்லை. அவர் சிரித்துக்கொண்டே அணைத்தார். "பாத்தீங்களா? எப்புடிக் கேக்குது?"

அம்மா அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள், அணைந்த பிறகும். பிறகு முந்தானையால் பீடத்தின் ஓரத்தைத் துடைத்தாள். அங்கே தூசி எதுவும் இல்லை.

"ஒம் புள்ளையா?"

"ஆமாம்மா. ரெண்டாவது."

"வாயாடியா இருக்கா. நல்லாருக்கட்டும்." நாலு பழங்களை ஒரு தாளில் சுற்றி அவரிடம் கொடுத்தாள். "புகார்ல என்ன போடுவ?"

"லைன்ல பிரச்சினை இல்லன்னு போடணும்மா."

"அப்புடிப் போடாத. லைன்லதான் கோளாறுன்னு போடு."

"அம்மா, அதான் நல்லா..."

"போடு தம்பி. நான் சொல்றேன்ல."

அவர் என்னைப் பார்த்தார். நான் கொல்லைப் பக்கம் பார்த்தேன். அவருக்கு என்ன விளங்கியதோ, தெரியாது. அந்தப் பெரிய தொண்டையைத் தாழ்த்தி, "சரிம்மா, கோளாறுன்னே போட்டுக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று பகல் முழுக்க அம்மா என்னிடம் எதுவும் கேட்கவில்லை. எது வந்தது, எப்போது வந்தது, உனக்கு எப்போது தெரியும், எதுவும் இல்லை. சோறு வடித்தாள். அவரைக்காய் வெஞ்சனம் வைத்தாள். நான் கொல்லைக்கும் மாடிக்கும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தேன். சாயங்காலம் முகம் கழுவி, வேறு சேலை கட்டி, வழக்கமான நேரத்தில் போனைச் சாய்த்து வைத்தாள். அக்கா வந்தாள். அம்மா செபமாலையை எடுக்கவில்லை, முதலில் பேசினாள். வகுப்பில் கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்கிற டீச்சர் குரலில் பேசினாள்.

"சிஸ்டரே, இங்க லைன் ரொம்ப மோசம். ஆள் வந்து பாத்தான், சரி பண்ண முடியாதுன்னுட்டான். நீங்க சொல்றது ஒண்ணும் வெளங்க மாட்டேங்குது. இனிமே வாயத் தொறக்காதீங்க. பின்பாதிய மனசுக்குள்ள சொல்லுங்க. சொல்லி முடிச்சதும் மணிய எடுத்து மேசையில ஒரு தட்டுத் தட்டுங்க. அது எனக்குக் கேக்கும். நான் அடுத்ததுக்குப் போயிருவேன்."

திரையில் அக்கா கொஞ்ச நேரம் அசையவில்லை. வட்டம் எதுவும் சுற்றவில்லை. லைன் நின்றிருக்கவில்லை, அவள்தான் நின்றிருந்தாள். பிறகு தலையை ஆட்டினாள். வாயைத் திறக்காமல் செபமாலையைத் தூக்கிக் காட்டினாள்.

அம்மா முன்பாதியைச் சொன்னாள். நாங்கள் காத்திருந்தோம். சேவல் இல்லை அன்று, காற்று மட்டும். பிறகு, டொக். மரமேசையில் ஒரு சின்ன மணி. பழைய லைனாக இருந்திருந்தால் அது வந்தே சேர்ந்திருக்காது. அம்மாவின் விரலில் மணி நகர்ந்தது.

அம்மாவுக்குத் தெரியும் என்பது அக்காவுக்குத் தெரிந்ததா? நான் அவளிடம் எழுதிக் கேட்கவில்லை, அவளும் எழுதவில்லை. இரண்டு பேருக்கும் நடுவில் லைன் கெட்டே கிடந்தது. அதைக் கெட்டதாகவே வைத்துக்கொள்ள இரண்டு பேரும் அவ்வளவு சிரமப்பட்டார்கள். "இன்னிக்கும் அப்புடித்தான் இருக்கு சிஸ்டரே" என்று அம்மா தொடங்குவாள். அக்கா கையை விரித்து, என்ன செய்வது என்பது போலக் காட்டுவாள். பிறகு டொக், டொக். மெய்ப்புத் தாள்களோடு நான் அடுத்த அறையில் உட்கார்ந்திருப்பேன். எந்த வரியில் எந்தப் பிழை என்று ஒன்றும் ஏறாது. முன்பாதி, காத்திருப்பு, டொக். அந்தக் காத்திருப்பு ஒரு அளவுக்கு வந்து நின்றது. மனசுக்குள் பின்பாதியைச் சொல்லி முடிக்கவும், கையைத் தூக்கவும், அந்தச் சத்தம் இவ்வளவு தூரம் வந்து சேரவும் ஆகிற நேரம். நாளாக நாளாகக் கை எழ நேரமானது, அளவும் கூடியது. அம்மா அதற்கேற்ப முன்பாதியை மெதுவாக்கினாள்.

பிறகு ஒரு கன்னியாஸ்திரி அக்காவின் கையைப் பிடித்துத் தட்ட வைத்தாள். பிறகு கட்டிலில் படுத்தபடி, விரல் மட்டும் ஆடி, இரும்புச் சட்டத்தில் மணி உரசியது. அதுவும் கேட்டது.

ஒரு காலையில் மடத்திலிருந்து எனக்குச் செய்தி வந்தது. அம்மா கொல்லையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு, கையிலிருந்த ஈரத் துணியை உதறி, கொடியில் போட்டு, ஓரத்தை இழுத்துச் சரிசெய்த பிறகுதான் உள்ளே வந்தாள்.

வேலை செய்த மண்ணிலேயே புதைப்பது அவர்கள் சபை வழக்கம். அடக்கத்தைப் போனில் காட்டினார்கள். நான் பீடத்தில் போனைச் சாய்த்து வைத்தேன். பேகம்பூர்க்காரர் வந்து வாசல் பக்கம் சுவரோரம் நின்றுகொண்டிருந்தார். எங்களுக்குப் புரியாத மொழியில், தாளம் மட்டும் புரிகிற ஒரு பாட்டைப் பாடினார்கள். சிவந்த மண். அது சவப்பெட்டியின் மேல் விழுகிற சத்தம்கூடத் தனித்தனியாகக் கேட்டது. அம்மா ஒரு தரம்கூடக் கண்ணை எடுக்கவில்லை. எல்லாம் முடிந்து திரை அணைந்ததும், பீடத்தின் மேல் எரிந்துகொண்டிருந்த பச்சை விளக்கைப் பார்த்துச் சொன்னாள்:

"லைன் நல்லாத்தான் இருக்கு."

அதற்குப் பிறகு கொஞ்ச நாள் அம்மா செபமாலையைத் தொடவில்லை. யார் யாரோ வந்தார்கள், அவர்களே இரண்டு பாதியையும் சொல்லிவிட்டுப் போனார்கள். ஆட்கள் வருவது நின்ற பிறகு, ஒரு மாலையில் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தேன். போன் இல்லாத பீடத்தின் முன் உட்கார்ந்து அம்மா செபமாலையை விரலில் கோத்துக்கொண்டிருந்தாள். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. முன்பாதியைச் சொன்னாள். சொல்லி முடித்து மணியை அழுத்திப் பிடித்தாள். நகம் வெளுத்தது.

தானே இரண்டு பாதியையும் சொல்ல மாட்டாள், எனக்குத் தெரியும். மணி அங்கேயே நிற்கும். நான் கதவருகில் நின்றிருந்தேன், எந்தப் பக்கம் போவது என்று கால்கள் கேட்டன. போய் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, பின்பாதியைத் தொடங்க வாயைத் திறந்தேன்.

அம்மா ஒரு விரலைத் தூக்கினாள்.

"பொறு. வரணும்ல."

வாயை மூடிக்கொண்டேன். பூ வண்டி ஒன்று தெருவில் போனது. சிவப்பு பல்பும் பச்சை விளக்கும் எரிந்துகொண்டிருந்தன. மனசுக்குள் சொல்லி முடித்து, கையைத் தூக்கி, அங்கேயிருந்து வந்து சேர எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் இரண்டு பேரும் காத்திருந்தோம். பிறகு அம்மா விரலை இறக்கினாள். நான் பின்பாதியைச் சொன்னேன், கடைசியில் வரும் அந்த நேரத்தையும் சேர்த்து. மணி நகர்ந்தது.